பென்சிலில் எழுதிய கல்யாணம்

என் கல்யாணத்துக்கு வேண்டிய பீங்கான் பாத்திரங்களுக்கு நானே ஆலைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆறு பேர் சாப்பிடும் செட். தட்டு, சூப்புக் கிண்ணம், காப்பிக் கோப்பை, பரிமாற ஒரு பெரிய தாம்பாளம். விளிம்பில் நீலப் பூ. நடுவில் லிபார்தோ, ரோஸ்மிரா என்று இரண்டு பெயர். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ரோஸ்மிராவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முட்டாள்தனம் இனிமேல்தான் வருகிறது.

எங்கள் கார்மென் ஊரில் கல்யாணம் என்றால் மோதிரத்துக்கு முன்னால் தட்டு. ஊரில் பாதிப் பேர் பீங்கான் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். பெயர் எழுதிய செட் இல்லாமல் ஒரு ஜோடி குடித்தனம் ஆரம்பித்தால், விருந்துக்கு வருகிறவர்கள் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தின் அடியில் எதையோ தேடுவார்கள். அப்புறம் வெளியே போய் அவர்களைப் பற்றிப் பேசுவார்கள். ஆகவே முதலில் செட்டுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அது தயாராக ஒரு மாதம் ஆகும். எனக்குத் துணிச்சல் திரளவும் சுமார் ஒரு மாதம் பிடிக்கும். இரண்டும் ஒன்றாக வெந்து, ஒன்றாக வெளியே வரட்டும் என்று கணக்குப் போட்டேன். ஐம்பத்தைந்தைத் தாண்டிய, ஒரு தடவைகூடக் கல்யாணம் ஆகாத மனிதன் போடும் கணக்குகள் இப்படித்தான் இருக்கும்.

ரோஸ்மிரா அந்த ஆலையிலேயே பூ வரைகிறவள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தட்டில் பெயர் எழுதுவது அவள் வேலை இல்லை. அதற்கென்று அர்னோல்தோ என்று ஒருவர், பின்பக்கத்தில் தனி அறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. கேட்டதையும் யாரிடமும் சொல்ல மாட்டார். என் ரகசியத்துக்கு அவரைவிட நல்ல பெட்டகம் கிடையாது. ஆலையின் கடையில் இருக்கும் எடில்மாவிடம், "நேரா அர்னோல்தோகிட்ட கொடுத்துடும்மா" என்று சொன்னேன். அவளும் ஒருமுறை சுட்டெடுத்த, இன்னும் வண்ணம் காணாத தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பென்சிலால் எங்கள் பெயர்களை எழுதினாள். இங்கே அதுதான் வழக்கம். ரசீது, சீட்டு ஒன்றும் கிடையாது. தட்டின் மேலேயே எழுதிவிடுவார்கள். வரைகிறவர் அதன் மேல் வண்ணம் தீட்டுவார். பென்சில் சூளையில் எரிந்து போய்விடும்.

எழுதும்போது எடில்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சதுக்கத்துக் காப்பிக் கடையில் அனிபாலைப் பார்த்தேன். ஆலையில் தட்டு வனையும் இயந்திரத்தில் நிற்பவன், எனக்கு பில்லியர்ட்ஸ் தோழன். பேச்சுவாக்கில் சொன்னான்.

"அர்னோல்தோ போயிட்டாரே, தெரியாதா? கண்ணுல புரை. மக வீட்டோட ரியோநேக்ரோல இருந்துட்டாரு."

"எப்போ?"

"போன மாசம்."

"அப்ப பேரெல்லாம் யாரு எழுதறாங்க?"

"வேற யாரு? ரோஸ்மிராதான். ஏன், உனக்கு ஏதாவது எழுதணுமா?"

கையிலிருந்த காப்பி என் சட்டையில் எங்கெங்கே போக முடியுமோ அங்கெல்லாம் போனது.

என் பயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சோளம் அரைக்கும் இயந்திரம் எல்லாம் ரிப்பேர் செய்கிறவன். சில வருஷங்களுக்கு முன் ரோஸ்மிரா ஒரு மிக்ஸி கொண்டுவந்தாள். கணவர் இறந்த அடுத்த வருஷம் அது. சரி செய்து கொடுத்தேன். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். ஓடியது. அதற்கடுத்த ஞாயிறும் போய்ப் பார்த்தேன். அன்றும் ஓடியது. இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் அந்த மிக்ஸி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலகத்திலேயே இவ்வளவு கவனமாகப் பராமரிக்கப்பட்ட மிக்ஸி வேறு இருக்காது.

அவள் கட்டங்காப்பி போடுவாள். பாலாடைக்கட்டி போட்டுப் பொரித்த உருண்டைகளை ஒரு தட்டில் வைப்பாள். வாரம் முழுக்கத் தூரிகை பிடித்த வலது கையை வெந்நீர்ச் சட்டியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் பேசுவேன். வாடிக்கையாளர்கள் கதை, பாதிரியார் கதை, என்னை நானே கிண்டல் செய்யும் கதை. அவள் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். அவ்வளவுதான். ஆனால் மற்ற ஆறு நாட்களில் எனக்கு நடப்பதெல்லாம் அந்தச் சமையலறையில் போய்ச் சொல்வதற்காகவே நடக்கிறது. அவள் கல்யாணத்துக்கு மாட்டேன் என்றால்கூட நான் எப்படியாவது தாங்கிக்கொள்வேன். இந்த அசட்டுத்தனத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் என்ன செய்வேன்? கேட்காமலே கல்யாணத்துக்குத் தட்டு சொன்னவனுக்கு எந்தப் பெண் காப்பி போடுவாள்?

ஆகவே அவள் கண்ணில் படுவதற்குள் அந்தத் தட்டுகளை மீட்க வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆலைக்குள் வேலைக்காரர்கள் தவிர யாரையும் விட மாட்டார்கள், சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைத் தவிர. நான் தொப்பி போட்டேன், கறுப்புக் கண்ணாடி போட்டேன், மெதெயின் நகரத்திலிருந்து வந்த பஸ் கூட்டத்தோடு வரிசையில் நின்றேன்.

சனிக்கிழமைகளில் சுற்றிக் காட்டுவதும் எடில்மாதான். எல்லார் நெஞ்சிலும் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தவள், என் முன்னால் நின்றாள்.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க, டோன் லிபார்தோ?"

"மெதெயின்."

"ஓ. அங்கயும் மிக்ஸி ரிப்பேர்தானா?"

சீட்டைக் கொஞ்சம் பலமாகவே அழுத்தி ஒட்டினாள்.

"எடில்மா, என் செட்டு இப்ப எங்க இருக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

"அதெல்லாம் உள்ளதான் இருக்கும்."

"உள்ளன்னா எங்க? அர்னோல்தோ இல்லேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. வாங்க எல்லாரும், இந்தப் பக்கம். படி இருக்கு, பார்த்து."

எங்கள் பக்கத்து ஆட்களிடம் இது ஒரு வியாதி. யாரும் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. பேக்கரியில் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே ரொட்டி ஆவி பறந்துகொண்டிருக்கும். டாக்டரிடம் பிழைப்பேனா என்று கேட்டால், உங்கள் அம்மா சௌக்கியமா என்று கேட்பார். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொன்னால் ஊர் இடிந்து விழுந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. இந்த வியாதியில் என்னைக் குறை சொல்ல முடியாது, நான் அதில் கொஞ்சம் அதிகமாகவே முன்னேறியவன்.

முதல் கூடத்தில் வெள்ளைக் களிமண் குழம்பு பெரிய தொட்டிகளில் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கஞ்சி வாசனை மாதிரி ஒரு ஈர வாசனை. சுடுவதற்கு முன் உடைந்த தட்டுகளையெல்லாம் பக்கத்தில் குவித்து வைத்திருந்தார்கள். எடில்மா ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். அது சத்தமில்லாமல் கரைய ஆரம்பித்தது.

"சூளைக்குப் போறதுக்கு முந்தி உடைஞ்சா கவலையே இல்ல. தண்ணில போட்டா மறுபடி மண்ணு, மறுபடி தட்டு. சுட்டதுக்கப்புறம்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

கூட்டத்தில் அகலமான வைக்கோல் தொப்பி போட்ட ஒரு அம்மாள் இருந்தாள். பின்னால் அவள் கைப்பையைச் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாத கணவர்.

"இவரையும் கொஞ்ச நேரம் ஊறப்போட முடியுமா?" என்று கேட்டாள் அம்மாள்.

"எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்றாள் எடில்மா.

"முப்பதுக்கு மேல."

"அப்ப நல்லா வெந்திருக்கும். முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். எனக்கு மட்டும் அந்தத் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த கூடத்தில் அனிபால். சுழலும் அச்சின் மேல் களிமண் உருண்டையைப் 'பட்'டென்று அடிப்பான்; மேலிருந்து ஒரு இரும்புக் கை இறங்கி அதைத் தேய்க்கும்; கண் இமைப்பதற்குள் தட்டு. என்னைப் பார்த்ததும் இயந்திரச் சத்தத்துக்கும் மேலே கத்தினான்.

"வாங்க மாப்பிள்ளை!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னை முடித்துவிட்டது.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? இந்த ஆலைல யாருக்கும் எதுவும் தெரியாது."

"நேத்து காப்பிக் கடைல தெரியாத மாதிரிதானே பேசின?"

"நேத்து பாதிதான் தெரியும். நீ காப்பியச் சட்டையில ஊத்திக்கிட்டதும் மீதியும் தெரிஞ்சுபோச்சு." இன்னொரு உருண்டையை அடித்தான். "பென்சில்ல எழுதின பேரைத் தட்டு சுமக்கறவங்க படிக்க மாட்டாங்களா? நாங்க என்ன எழுதப் படிக்கத் தெரியாதவங்களா?"

"அவங்க பார்த்துட்டாங்களா?"

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியாதா, அனிபால்? செட்டு அவங்க மேஜைக்குப் போச்சா, போகலையா?"

"மேஜைக்கு எல்லாந்தான் போகுது." அச்சைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன். ரெண்டு மூணு நாளா அந்த ரூம்ல ரேடியோ போடறதில்ல."

"அப்படின்னா நல்லதா, கெட்டதா?"

"ரேடியோ போடறதில்லன்னு அர்த்தம்."

வரைகிற அறையைக் கடைசியில்தான் காட்டுவார்கள். அதை ஒட்டித்தான் கடை இருக்கிறது. பூவைப் பார்த்த கண்ணோடு வெளியே வருகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஆகவே எங்களை முதலில் சூளைப் பக்கம் கூட்டிப்போனாள் எடில்மா. அங்கே ஒரு தள்ளுவண்டியில் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் ஒரே வெள்ளை. சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"இதுல பூவே இல்லையே?" என்றாள் தொப்பி அம்மாள்.

"இருக்கு சென்யோரா. எல்லாத்துலயும் இருக்கு. வரைஞ்சு முடிச்சதும் இந்தப் பூச்சுல முக்கி எடுப்போம், அப்ப எல்லாம் மறைஞ்சுபோகும். சூளைக்குள்ள இது கண்ணாடியா உருகும். அப்புறம்தான் அடியில இருக்கறது தெரியும்."

"அதுவரைக்கும் எது என்னன்னு யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

கூட்டம் நகர்ந்தது. நான் நகரவில்லை. என் செட்டு அளவிலேயே ஆறு தட்டு, பக்கத்தில் ஆறு கிண்ணம், ஒரு தாம்பாளம். ஒருவேளை ரோஸ்மிரா பெயரைப் படிக்காமலே, பழக்கதோஷத்தில் பென்சிலின் மேல் எழுதி, முக்கி அனுப்பியிருந்தால்? திங்கட்கிழமை இது வெந்து வரும். அப்புறம் ஊர் உள்ள மட்டும் லிபார்தோவும் ரோஸ்மிராவும் நீல நிறத்தில் நிற்பார்கள். அந்த வெள்ளைத் தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு என்னைப் பற்றியே ஒரு சந்தேகம் வந்தது. நான் சொல்கிற நகைச்சுவையெல்லாம்கூட இந்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சுதானோ? அடியில் என்ன வரைந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? நானே பார்த்தேனா?

மனிதன் யோசிக்கும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் கட்டிக்கொள்ளவில்லை. மேல் தட்டில் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினேன். வெள்ளை மாவு உதிர்ந்தது. கீழே சாம்பல் கலந்த ஊதாவில் ஒரு வளைவு. எங்கள் நீலம் வேகும் முன் அந்த நிறத்தில்தான் இருக்கும். என் பெயரின் முதல் எழுத்து மாதிரியே இருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு, அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னும் கொஞ்சம். சேவல். யாரோ உணவு விடுதிக்காரர் சொல்லிவைத்த சேவலின் வால்.

"டோன் லிபார்தோ!"

எடில்மா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மொத்த பஸ்ஸும் நின்றது.

"தொடக் கூடாதுன்னு போர்டு இருக்கே, மெதெயின்காரரே" என்றாள் தொப்பி அம்மாள். "எங்க ஊர் பேரைக் கெடுக்கறீங்களே!"

எடில்மா தட்டை எடுத்துப் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவில் ஒரு வால் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

"இதைக் கழுவி, காய வெச்சு, மறுபடி முக்கணும். என்ன தேடினீங்க?"

"எங்க பேரை."

திட்டத்தான் வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் திட்டவில்லை.

"அது இங்க இல்ல" என்றாள்.

"அப்ப எங்க?"

"வாங்க. மொதல்ல கையத் துடைங்க."

வரைகிற அறை நீளமானது; ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். பதினைந்து இருபது பேர், பெரும்பாலும் பெண்கள், ஆளுக்கொரு சுழல்பலகை முன்னால் குனிந்திருந்தார்கள். மாதிரிப் படம் எதுவும் இல்லை. தூரிகையைத் தோய்த்து, அழுத்தினால் இதழ், இழுத்தால் காம்பு. சுற்றுலாக்காரர்கள் "ஆஹா" என்றார்கள். நாங்கள் நுழைந்ததும் அந்தத் தூரிகைகளெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி நகர்ந்தன. நகர்ந்தன என்று பெயர். எத்தனை இதழ் அன்று கோணலாகப் போனதோ, விற்பனைக்கு வந்தபின் யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

ரோஸ்மிரா கடைசி ஜன்னலோரம் இருந்தாள். அவள் தலைக்கு மேல் ஒரு அலமாரி. அதில் என் செட்டு. ஆறு தட்டு, ஆறு கிண்ணம், கோப்பைகள், தாம்பாளம். எல்லாம் வெளிறிய நிறத்தில், வண்ணம் படாமல். எடில்மாவின் பென்சில் எழுத்து அந்தத் தூரத்திலிருந்தே தெரிந்தது. எழுதவில்லை, ஆனால் படித்துவிட்டாள். படிக்காமல் எழுதிவிடுவாளோ, படித்துவிடுவாளோ என்று நான் பயந்த இரண்டில் பெரியது நடந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். என் தொப்பியைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். நெஞ்சில் இருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தாள்.

"வாங்க டோன் லிபார்தோ. மிக்ஸி நல்லாத்தான் ஓடுது."

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கும் இருமல்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். "இல்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அர்னோல்தோவுக்குக் கண்ணு சரியில்லைன்னு சொன்னாங்க, அதான்..."

"அதான் நீங்க கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டீங்களா?"

இருமல் அறை முழுக்கப் பரவியது. ரோஸ்மிரா சிரிக்கவில்லை. தோளும் குலுங்கவில்லை.

"இது செவ்வாய்க்கிழமை வந்துச்சு" என்று அலமாரியைக் காட்டினாள். "வேற யாரோன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஊர்ல என்னோட சேர்த்து ரோஸ்மிராங்க நாலஞ்சு பேரு இருக்கோம். ஆனா லிபார்தோ நீங்க ஒருத்தர்தான். பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

"பொண்ணு கொஞ்சம் வேலையா இருந்தாங்க." பழக்கம் விடவில்லை. "நீலப் பூ எல்லாம் அவங்கதான் போடணும், பாருங்க."

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. ரோஸ்மிரா தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள்.

"ஆவே மரியா! எத்தனை ஞாயித்துக்கிழமை ஆச்சு! பாதிரியார் கதை சொன்னீங்க, கழுதை கதை சொன்னீங்க. உங்களைப் பத்தியே எத்தனை கிண்டல். நானும் சிரிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா?"

"கேட்டேனே. இன்னொரு காப்பி கிடைக்குமான்னு எத்தனை தடவை..."

"டோன் லிபார்தோ."

வாயை மூடினேன்.

"இந்த ஆலைல நான் பார்க்காத கல்யாணத் தட்டா? ஒரு அம்மா எல்லாத் தட்டையும் தூக்கிக்கிட்டு வந்து, புருஷன் பேரை மட்டும் சுரண்டித் தர முடியுமான்னு கேட்டாங்க. ஒரு ஆளு, மொதல் பொண்டாட்டி ஓடிப்போனதும், அதே பேருல ரெண்டாவது பொண்ணைத் தேடிக்கிட்டிருந்தாரு, செட்டு வீணாப் போகக் கூடாதுன்னு."

"கிடைச்சுதா?" என்றாள் தொப்பி அம்மாள்.

"கிடைச்சுது சென்யோரா. அவளும் ஓடிப்போயிட்டா." மறுபடி என்னைப் பார்த்தாள். "இதை நான் எழுதணும்னா எழுதறேன். அது என் வேலை. கேக்காமயே எழுதி, முக்கி, சுட்டு, பெட்டில கட்டிக் கொடுத்துடறேன். அதுக்கப்புறமாவது கேப்பீங்களா? இல்ல, தட்டு பேசட்டும்னு விட்டுடுவீங்களா?"

அந்த நேரத்தில் என் தொண்டையில் குறைந்தது மூன்று நகைச்சுவை வரிசையில் நின்றன. எல்லாம் நல்ல சரக்கு. ஒன்றைச் சொன்னால் அறை சிரித்திருக்கும், அவளும் சிரித்திருப்பாள், நான் தப்பித்திருப்பேன், செட்டு அலமாரியிலேயே இருந்திருக்கும். நான் தொப்பியைக் கழற்றினேன். அது தேவையே இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அவள் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் அந்தச் சாம்பல் ஊதா. அதை ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் வைத்தாலும் போகாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்தக் கை வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"கை ரொம்ப வலிக்குதா, ரோஸ்மிரா?"

இது நான் கேட்க வந்ததல்ல. அவளும் இதை எதிர்பார்க்கவில்லை.

"வலிக்குது" என்றாள். "புதன்கிழமைக்கு மேல ரொம்ப."

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். எடில்மா என்றுதான் நினைக்கிறேன். எனக்கோ, கேட்ட கேள்வியின் பளு தாங்கவில்லை. அதன் பின்னாலேயே இன்னொன்றையும் தள்ளிவிட்டேன்.

"மாட்டீங்கன்னா பரவாயில்ல. நாளைக்கு நான் வரலாமா, கூடாதா, அது மட்டும் சொல்லுங்க. அதைத்தான் ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் சுழல்பலகைப் பக்கம் திரும்பினாள். பலகையில் ஒரு தட்டு பாதி வேலையில் இருந்தது. தூரிகையைத் தோய்த்து எடுத்து, விளிம்பில் அசையாமல் பிடித்து, இடது கையால் பலகையைச் சுற்றிவிட்டாள். கோடு தன்னால் ஓடிப்போய்த் தன் ஆரம்பத்தைத் தொட்டது. அந்தக் கோட்டை நடுவில் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவ்வளவு நீளமான ஒரு வட்டத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"சொல்லும்மா" என்றாள் தொப்பி அம்மாள். "எங்க பஸ்ஸு கிளம்பிடும்."

இதுவரை பேசாத அவள் கணவர் வாய் திறந்தார். "பஸ்ஸு நிக்கட்டும்" என்றார்.

ரோஸ்மிரா தூரிகையை வைத்தாள். எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பது போலத்தான் பேசினாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"கல்யாணம் வேண்டாம், லிபார்தோ." 'டோன்' என்ற மரியாதைச் சொல் இல்லாமல் என் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "எம் புருஷன் நல்ல மனுஷன். அவருக்கு எப்பப் பசிக்கும்னு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயசாயிடுச்சு. இப்ப சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், கதவைத் தொறக்கறேன், என்ன சமையல்னு கேக்க ஒரு ஆளு இல்ல. எனக்கு அது பிடிச்சிருக்கு. அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்களுக்கும் மாட்டேன்."

நான் தலையாட்டினேன். விசித்திரமாக, எதுவும் இடிந்து விழவில்லை. ஜன்னல் அப்படியே இருந்தது. அலமாரியும் அப்படியே இருந்தது.

"இதுல பூவை மட்டும் போடறேன். பென்சில் தானா எரிஞ்சுபோகும். பேர் இல்லாத தட்டுலயும் சாப்பாடு இறங்கும்."

"சரி" என்றேன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"எங்க போறீங்க? நீங்க இன்னொரு கேள்வியும் கேட்டீங்களே."

திரும்பி நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும்தான் பேசறீங்க. எனக்கும் இங்க ஒவ்வொரு நாளும் என்னென்னமோ நடக்குது. யார்கிட்டயாவது சொல்லணும்னு சேர்த்து வெச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை வர்றதுக்குள்ள பாதி மறந்துபோகுது. ஒரு நாள் பத்தல." அவள் கண்ணை என்னிடமிருந்து எடுக்கவே இல்லை. "நாளைக்கு வாங்க. புதன்கிழமையும் வாங்க."